அரக்கு அரக்காகத் தெரிகிறதா: மடிக்கணினி வாங்கும் முன் திரையின் நிறத்தைச் சோதிக்கும் முறை

தருமபுரியில் திருமணப் படங்களைத் திருத்தி ஆல்பம் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன், முகூர்த்தச் சேலை அரக்கு நிறத்தில் இருந்த ஒரு திருமணத்தின் ஆல்பத்தை, அப்போதுதான் வாங்கியிருந்த மடிக்கணினியில் வடிவமைத்தேன். திரையில் அந்தச் சேலை செங்கல் நிறத்தில் சோர்ந்து தெரிந்ததால் சிவப்பின் செறிவைச் சற்றுக் கூட்டினேன். மனம் நிறையாமல் இன்னும் கொஞ்சம் கூட்டினேன். சேலத்து லேபிலிருந்து அச்சாகி வந்த பக்கங்களில் சேலையின் மடிப்புகள் எல்லாம் ஒரே சிவப்புத் திட்டாகக் குழைந்திருந்தன. மணப்பெண்ணின் முகம் வெயிலில் வெந்தது போலச் சிவந்திருந்தது. பெண்ணின் தாயார் அந்தச் சேலையையே பையில் எடுத்து வந்து, ஆல்பத்தின் அருகில் விரித்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மடித்து வைத்தார். லேபின் மீது குற்றமில்லை. நான் அனுப்பிய கோப்பில் இருந்ததைத்தான் அவர்கள் அச்சிட்டிருந்தார்கள். என் திரை எனக்குக் காட்டியது வேறு, கோப்பில் இருந்தது வேறு. அந்தத் திரையை வாங்கும்போது நான் நிறத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை.

படம் திருத்துவோர், பிளெக்ஸ் வடிவமைப்போர், சேலையையோ மாம்பழத்தையோ படமெடுத்து இணையத்தில் விற்போர் ஆகிய எல்லோருக்கும் நேரக்கூடிய பிழை இது. கடையில் அரைமணி நேரம் செலவிட்டால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் அந்த அரைமணியில் எதைத் தேடுகிறோம் என்பது முன்பே தெளிவாக இருக்க வேண்டும்.

திருத்தக்கூடிய பிழையும் திருத்த முடியாத பிழையும்

திரையில் காணும் நிறப் பிழைகள் இருவகைப்படும். வெள்ளை நீலம் பாய்ந்து தெரிவதும், நடுத்தரச் சாம்பல் தேவைக்கு மேல் இருண்டிருப்பதும் முதல் வகை. திரையின் மேல் வைத்து நிறத்தை அளக்கும் கருவியைக் கொண்டு, வாங்கிய பிறகும் இவற்றைப் பெருமளவு சரிசெய்துகொள்ளலாம். ஸ்பைடர், கேலிபிரைட் ஆகிய பெயர்களில் அக்கருவிகள் கிடைக்கின்றன. சொந்தமாக வாங்க இயலாதவர்கள், வைத்திருக்கும் ஸ்டுடியோக்காரரிடம் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கியும் வேலையை முடித்துக்கொள்ளலாம். இரண்டாம் வகைப் பிழை திரையோடு பிறந்தது. பின்னொளியும் நிற வடிகட்டிகளும் சேர்ந்து எவ்வளவு ஆழமான சிவப்பைத் தர இயலுமோ, அதற்கு மேல் ஒரு துளிச் சிவப்பையும் எந்தக் கருவியாலும் எந்த மென்பொருளாலும் வரவழைக்க முடியாது. ஒரு படி கொள்ளும் பாத்திரத்தில் இரண்டு படிப் பால் நிற்காது என்பதைப் போன்றது இது. எனவே, கடையில் இருக்கும் நேரத்தை இந்த இரண்டாம் வகைப் பிழையைத் தேடவே முதலில் செலவிட வேண்டும்.

ஒரு திரை காட்டக்கூடிய நிறங்களின் எல்லையை நிற வரம்பு என்கிறோம். நம் வேலைக்கு அளவுகோல் எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் வரம்பு; 1996-இல் ஹெச்.பி., மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் இணைந்து முன்வைத்து, 1999-இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. இணையத்தில் நாம் பார்க்கும் படங்களும் லேபுக்கு அனுப்பும் ஜேபெக் கோப்புகளும் பெரும்பாலும் இந்த வரம்பில்தான் இருக்கின்றன. ஆகவே, நிறத்தை நம்பி வேலை செய்யப்போகும் திரை இந்த வரம்பை முழுமையாகக் காட்ட வேண்டும். 95 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் திரையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

விவரத்தாளைப் படிக்கும் விதம்

விலை குறைந்த மடிக்கணினிகளின் விவரத்தாளில் '45% என்.டி.எஸ்.சி.' என்று குறிப்பிட்டிருப்பதைக் காணலாம். என்.டி.எஸ்.சி. என்பது 1953-இல் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்காக வகுக்கப்பட்ட, எஸ்.ஆர்.ஜி.பி.யைவிட அகன்ற வரம்பு. எஸ்.ஆர்.ஜி.பி.யின் பரப்பு அதில் ஏறத்தாழ 72 விழுக்காடு. ஆகவே, 45-ஐ 72-ஆல் வகுத்தால் கிடைக்கும் 62.5 விழுக்காடுதான் அத்தகைய திரை எஸ்.ஆர்.ஜி.பி.யில் உத்தேசமாகக் காட்டும் பங்கு. என் அரக்குச் சேலையைச் செங்கல்லாக்கியது இப்படிப்பட்ட திரைதான். இதற்கு நேர்மாறான இன்னொரு தவறும் நடக்கிறது: '72% என்.டி.எஸ்.சி.' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, நூற்றுக்கு எழுபத்திரண்டுதானே என்று நல்ல திரையை ஒதுக்கிவிடுகிறார்கள். அதுதான் ஏறத்தாழ 100 விழுக்காடு எஸ்.ஆர்.ஜி.பி.க்கு இணையானது.

ஏறத்தாழ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்.டி.எஸ்.சி. விழுக்காடு பெரும்பாலும் பரப்பளவின் ஒப்பீடு மட்டுமே. பென்னாகரத்தில் ஓர் ஏக்கரும் அரூரில் ஓர் ஏக்கரும் அளவில் ஒன்றுதான். ஆனால் இரண்டும் ஒரே நிலம் ஆகிவிடாது. அதுபோலவே, பரப்பு சமமாக இருந்தாலும் திரையின் வரம்பு பச்சைப் பக்கம் கூடுதலாகவும் சிவப்புப் பக்கம் குறைவாகவும் அமைந்திருக்கலாம். அதனால், 'எஸ்.ஆர்.ஜி.பி. வரம்பில் இத்தனை விழுக்காட்டை உள்ளடக்குகிறது' என்று தெளிவாகச் சொல்லும் விவரத்தாளே மேலானது.

நிறத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல், ஃபுல் எச்.டி., ஐ.பி.எஸ்., ஆன்டி-கிளேர் என்று மட்டும் இருந்தால், வரம்பு குறுகியது என்றே வைத்துக்கொண்டு சோதனையைத் தொடங்குவது பாதுகாப்பானது. "அண்ணா, இது ஃபுல் எச்.டி. டிஸ்ப்ளே, கலர் சூப்பரா இருக்கும்" என்று கடைத் தம்பிகள் சொல்வது பொய் சொல்லும் எண்ணத்தில் அல்ல, அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது அவ்வளவுதான். ஃபுல் எச்.டி. என்பது 1920-க்கு 1080 என்ற புள்ளிகளின் எண்ணிக்கை. அதற்கும் நிறத்துக்கும் தொடர்பில்லை. ஐ.பி.எஸ். என்பது திரையைச் சாய்த்துப் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத பேனல் வகை. மேற்சொன்ன 45 விழுக்காட்டுத் திரைகளிலும் ஐ.பி.எஸ். உண்டு என்பதால், அந்தச் சொல் மட்டும் போதுமான உறுதி ஆகாது. டி.என். வகைப் பேனலாக இருந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம். தலையைச் சற்றுத் தாழ்த்தினாலே படம் இருண்டு நிறம் புரண்டுவிடும்.

ஓ.எல்.இ.டி. திரைகள் இதற்கு எதிர்முனை. பல ஓ.எல்.இ.டி. மடிக்கணினிகள், திரையரங்கப் படவீழ்த்திகளுக்காக உருவான டி.சி.ஐ. பி3 என்னும் அகன்ற வரம்பை முழுமையாகக் காட்டுகின்றன. ஆனால், கோப்பின் வரம்பைத் திரையின் வரம்புக்கு ஏற்ப மாற்றிக் காட்டும் நிற மேலாண்மை இல்லாத மென்பொருளில் சாதாரண எஸ்.ஆர்.ஜி.பி. படத்தைத் திறந்தால், அந்தத் திரை அதைத் தேவைக்கு மேல் பளிச்சென்று காட்டும். அதை நம்பிச் செறிவைக் குறைத்தால், அச்சில் ஆல்பம் வெளிறிப்போகும். எனவே, ஓ.எல்.இ.டி. வாங்குபவர்கள், அந்த மடிக்கணினியின் சொந்தச் செயலியில் எஸ்.ஆர்.ஜி.பி. நிலை என்று ஒன்று இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பென் டிரைவில் எடுத்துச் செல்ல வேண்டியவை

கடைத் திரைகளில் ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரப் படங்களைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அவை எந்தத் திரையிலும் அழகாகத் தெரிவதற்காகவே செறிவு ஏற்றித் தயாரிக்கப்பட்டவை. தவிரவும், அந்தப் பறவையோ பவளப்பாறையோ உண்மையில் என்ன நிறம் என்று நமக்குத் தெரியாது. நம் கண்ணுக்குப் பழகிய பொருளின் படம்தான் திரையின் குறையைக் காட்டிக்கொடுக்கும். அதற்கான பொருள்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் குறைவில்லாமல் இருக்கின்றன.

சிவப்புக்கு நான் வைத்திருப்பது ஓசூர்ப் பசுமைக்குடிலில் எடுத்த தாஜ்மஹால் ரோஜாவின் படம். நல்ல திரையில் அந்தப் பூவின் சிவப்பு ஆழமாகவும், இதழின் வளைவில் நிழல் படிப்படியாக இறங்குவதாகவும் தெரியும். குறுகிய திரையில் காவி கலந்து வெளிறும். அளவு மீறிய திரையில் பிளாஸ்டிக் பூவைப் போல மின்னும். மஞ்சளுக்கும் பச்சைக்கும், பாதி பழுத்த பெங்களூரா மாங்காயின் படம். கிளிமூக்கு என்று நாம் அழைக்கும் அதே காய்தான். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூழ் ஆலைகளுக்குப் போகும் அந்தக் காயில், காம்பருகே பச்சை எங்கே முடிந்து மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்பதை வெறுங்கண்ணால் சொல்ல முடியும். திரையிலும் சொல்ல முடிய வேண்டும். வெண்மைக்கு, தட்டில் பரப்பிய வெண்பட்டுக்கூடுகளின் படத்தைவிடச் சிறந்ததை நான் பார்த்ததில்லை. பட்டுக்கூடு அங்காடிக்குப் போய் வருபவர்களுக்குத் தெரியும்: வெண்கூடு என்றாலும் அது காகித வெள்ளை இல்லை, மேலே பஞ்சு இழை படர்ந்து, கூட்டுக்குக் கூடு மெல்லிய வேறுபாட்டோடு இருக்கும். நீலம் பாய்ந்த திரையில் அது சலவைத்தூள் போட்ட துணியாகிவிடும். வெளிச்சப் பகுதியை விழுங்கும் திரையில் இழைகள் மறைந்து வெறும் வெள்ளை முட்டையாக நிற்கும்.

இவற்றோடு, நலங்கு வைக்கும்போது எடுத்த மணப்பெண்ணின் முகப் படம் ஒன்றும் வேண்டும். கன்னத்தில் பூசிய மஞ்சளும் தோலின் நிறமும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். மஞ்சள் பச்சையாகத் திரும்பினாலும், தோல் ரோஜா நிறமாகத் திரும்பினாலும் அந்தத் திரை முகங்களைத் திருத்த உதவாது.

படங்கள் போக, நீங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டிய கோப்புகள் சில உண்டு. முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம், முழு வெள்ளை, நடுத்தரச் சாம்பல் ஆகியவற்றுக்குத் தலைக்கு ஒரு கோப்பு. கருப்பிலிருந்து வெள்ளைக்கு இடமிருந்து வலமாகச் சீராக மாறும் பட்டை ஒன்று. கருப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என்ற அளவில், கரும்பின்னணியில் 5, 10, 15, 20 என்ற மதிப்புள்ள சதுரங்களும், வெண்பின்னணியில் 250, 245, 240 என்ற மதிப்புள்ள சதுரங்களும் கொண்ட இரு கோப்புகள். இவற்றை ஜேபெக் ஆக்காமல் பி.என்.ஜி. வடிவில் சேமிக்க வேண்டும். ஜேபெக்கின் சுருக்கமே பட்டையில் கோடுகளை உண்டாக்கிவிடும். பென் டிரைவை அனுமதிக்காத கடைகளும் உண்டு என்பதால், அதே கோப்புகளைக் கூகுள் டிரைவிலும் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பித் திறக்க வேண்டாம், அது படத்தைச் சுருக்கிவிடும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது: நீங்கள் வழக்கமாக அனுப்பும் லேபில் அச்சிட்டு, உங்களுக்கு நிறைவளித்த ஒரு படத்தின் அச்சுப் பிரதியும் அதன் மூலக்கோப்பும். கோப்பைத் திரையில் திறந்து, அச்சைக் கடை வாசலின் பகல் வெளிச்சத்தில் பார்த்து ஒப்பிடும்போது கிடைக்கும் தெளிவு வேறு எதிலும் கிடைப்பதில்லை.

கடையில்

மடிக்கணினியைச் சார்ஜரில் இணைக்கச் சொல்லுங்கள். பேட்டரியில் ஓடும்போது, மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னொளியையும் படத்தின் மாறுபாட்டையும் தானாக மாற்றும் வசதி பல கணினிகளில் இயங்கிக்கொண்டிருக்கும். விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் நைட் லைட்டையும் எச்.டி.ஆரையும் அணையுங்கள், நிறுவனத்தின் சொந்தச் செயலியில் விவிட், ஐ கேர் போன்ற நிலைகள் இருந்தால் இயல்பு நிலைக்கு மாற்றுங்கள். இதைச் செய்யாமல் இரண்டு திரைகளை ஒப்பிடுவது, மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றையும், கழற்றிவிட்டு ஒன்றையும் பார்ப்பதற்குச் சமம். திரை ஒரு பத்து நிமிடமாவது ஓடட்டும்.

தனியாக ஒரு திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் சிறிது நேரத்தில் எந்தத் திரையும் சரியாகவே தெரியும். அது கண்ணின் இயல்பு. நீலம் பாய்ந்த வெள்ளைக்கும் அது பழகி, இதுதான் வெள்ளை என்று ஏற்றுக்கொள்ளும். அதனால் பக்கத்தில் ஒரு சாட்சி வேண்டும். அண்மைக்கால ஐஃபோனோ, திரை அமைப்பில் நேச்சுரல் நிலை உள்ள சாம்சங், பிக்சல் போன்ற கைப்பேசியோ அதற்குப் போதும். ஐஃபோனில் ட்ரூ டோனும் நைட் ஷிஃப்டும் அணைந்திருக்க வேண்டும். சாம்சங்கில் விவிட் நிலையிலிருந்து நேச்சுரலுக்கு மாற்ற வேண்டும். ஆய்வுக்கூடத் துல்லியம் இதில் இல்லை என்றாலும், 62 விழுக்காட்டுத் திரையையும் 100 விழுக்காட்டுத் திரையையும் பிரித்தறிய இது தாராளமாகப் போதும்.

முதலில் முழுச் சிவப்புக் கோப்பை மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் திறந்து, இரண்டின் வெளிச்சத்தையும் ஏறக்குறையச் சமமாக்கி, கைப்பேசியைத் திரையின் மேலேயே நிமிர்த்திப் பிடியுங்கள். நல்ல திரையில் கைப்பேசியின் விளிம்பு மட்டும்தான் தனித்துத் தெரியும், சிவப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்கும். குறுகிய திரையில், கைப்பேசியின் சிவப்பு குங்குமமாகவும் சுற்றியுள்ள சிவப்பு பழைய ஓடு போலவும் நிற்பதை ஒரு நொடியில் காணலாம். பாலக்கோட்டிலிருந்து படமெடுக்கப் பழகிக்கொண்டிருக்கும் ஒரு தம்பியோடு சென்ற ஆண்டு கடைக்குப் போயிருந்தேன். அவர் மனத்தில் முடிவு செய்திருந்த மடிக்கணினியில் இந்த ஒரு சோதனையைச் செய்தவுடனே, நான் எதையும் சொல்லும் முன், "அண்ணா, இது காவியா இருக்கே" என்று அவரே மூடி வைத்துவிட்டார். சிவப்பில் தோற்ற திரைக்கு மேற்கொண்டு சோதனை தேவையில்லை.

சிவப்பில் தேறியதை அடுத்து, சாம்பல் பட்டையைத் திறந்து பாருங்கள். கருப்பிலிருந்து வெள்ளை வரை தண்ணீர் போல வழுக்கிச் செல்ல வேண்டும். படிக்கட்டுகள் தெரிந்தாலோ, நடுவில் ஓரிடத்தில் மட்டும் பச்சையோ இளஞ்சிவப்போ எட்டிப்பார்த்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிறத்துக்கு 8 பிட் உள்ள பேனல் 256 படிகள் வீதம் மொத்தம் 1 கோடியே 67 லட்சம் நிறங்களைக் காட்டும். 6 பிட் பேனலில் 64 படிகள்தான், மொத்தம் 2,62,144 நிறங்கள். இடைப்பட்டவற்றைப் புள்ளிகளை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டிக் கண்ணை ஏற்கச் செய்யும் உத்தியால் பல 6 பிட் பேனல்களும் வேலைக்குத் தகுதியாகவே இருக்கின்றன என்பதால், எண்ணைவிடப் பட்டை எப்படித் தெரிகிறது என்பதையே நான் பொருட்படுத்துவேன். கருஞ்சதுரங்களில் 10-உம், வெண்சதுரங்களில் 245-உம் தெரிந்தால் போதும். மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டும் வெண்பட்டு வேட்டியும் விவரம் இழக்காமல் கிடைக்கும்.

பிறகு நடுத்தரச் சாம்பலைத் திரை முழுவதும் பரப்பி, மூலைகளில் மஞ்சளோ நிழலோ படிந்திருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பில் ஒளி கசிவதைப் பார்க்க இருட்டு வேண்டும், கடையில் அது கிடைக்காது. பழைய ஸ்டுடியோக்களில் கேமராவின் பின்னால் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு குனிந்து பார்த்ததைப் போல, நான் தோளில் இருக்கும் துண்டைத் தலையோடு திரைக்கும் சேர்த்துப் போர்த்திப் பார்ப்பேன். கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், பல ஆண்டுகள் நம் கண்முன் இருக்கப்போகும் திரை அது.

இதன் பிறகே ரோஜா, மாங்காய், பட்டுக்கூடு, நலங்குப் படம் என்று வரிசையாகத் திறந்து பார்க்க வேண்டும். அச்சை ஒப்பிடும்போது, திரையின் வெள்ளைப் பகுதி அச்சுக் காகிதத்தின் வெள்ளையளவே பிரகாசமாக இருக்குமாறு வெளிச்சத்தைக் குறையுங்கள். முழு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் எந்த அச்சும் இருண்டதாகத்தான் தோன்றும்.

டெல்டா ஈ என்னும் எண்

விலை கூடிய மடிக்கணினிகளின் பெட்டியில் 'டெல்டா ஈ 2-க்குக் கீழ்' என்ற வாசகம் இருக்கும். காட்ட வேண்டிய நிறத்துக்கும் காட்டிய நிறத்துக்கும் உள்ள தொலைவைக் குறிக்கும் எண் அது. அதிலுள்ள 'ஈ', உணர்வைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. பொதுவாக, 1 என்பது பழகிய கண்ணுக்கு மட்டுமே தட்டுப்படும் வேறுபாடு. 2-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 5-ஐத் தாண்டினால் யாருக்கும் தெரிந்துவிடும். ஆனால் விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் சராசரி. பல நிறங்களில் 1-ஆக இருந்து, தோல் நிறத்தில் மட்டும் 6-ஆக இருந்தாலும் சராசரி 2-க்குக் கீழே நிற்கும். நோட்புக்செக் போன்ற இணையதளங்கள் கருவி வைத்து அளந்து, சராசரியையும் உச்ச அளவையும் எஸ்.ஆர்.ஜி.பி. விழுக்காட்டையும் சேர்த்தே தருகின்றன. கடைக்குப் போகும் முன் அவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

பெட்டியைப் பிரித்த பின்

அந்த அளவீடுகளை நம்பும்போது ஒரு எச்சரிக்கை தேவை. ஒரே மாடல் பெயரில், தொகுதிக்குத் தொகுதி வெவ்வேறு பேனல்கள் பொருத்தப்பட்டு வரக்கூடும். காட்சிக்கு வைத்திருந்ததில் நல்ல பேனலும், உங்களுக்குக் கிடைக்கும் பெட்டியில் வேறொன்றும் இருக்க வாய்ப்புண்டு. இதைக் கண்டறிய எளிய வழி இருக்கிறது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மானிட்டர்ஸ் பகுதியைத் திறந்து, அதன் பிராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் என்பதில் ஹார்டுவேர் ஐடீஸைத் தேர்ந்தெடுத்தால், மூன்று எழுத்துகளும் நான்கு குறிகளும் கொண்ட அடையாளம் தெரியும். பி.ஓ.இ., ஏ.யூ.ஓ., சி.எம்.என்., எல்.ஜி.டி. போன்ற மூன்று எழுத்துகள் பேனலைச் செய்த நிறுவனத்தையும், அடுத்து வரும் குறிகள் பேனலின் வகையையும் காட்டும்.

காட்சித் திரையைச் சோதித்து முடித்ததும் இந்த அடையாளத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய பெட்டியைக் கடையிலேயே பிரித்து, விண்டோஸை இயக்கி, அதே இடத்தைத் திறந்து ஒப்பிட்டுக் காட்டுமாறு கேளுங்கள். பில் போடும் முன்பே இதைச் சொல்லிவிட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் மறுப்பதில்லை. மறுத்தால், பெங்களூரு எஸ்.பி. ரோடு வரையோ சேலம் வரையோ போய்க் கேட்பதற்கு அது தகுந்த காரணம். இணையத்தில் வாங்குபவர்களுக்கு இந்த வசதி இல்லை. நிறம் குறுகியிருக்கிறது என்பதைப் பழுதாக ஏற்று மாற்றித் தருவது அங்கே அரிது என்பதால், திருப்பி அனுப்பும் விதியை ஆர்டர் செய்வதற்கு முன்பே முழுமையாகப் படித்துவிட்டு, பெட்டி வந்த அன்றே சிவப்புச் சோதனையைச் செய்துவிட வேண்டும். அடையாளம் வேறாக இருந்தாலும் உடனே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதில்லை. அந்தப் பெட்டியில் உள்ள திரையிலேயே கைப்பேசியை வைத்து முழுச் சிவப்பை மறுபடி பாருங்கள், அதில் தேறினால் மட்டும் பில் போடச் சொல்லுங்கள்.